அம்மாவுக்குப் பக்கவாதம், இதயத் துடிப்பும் தாறுமாறு: எது முதலில் வந்தது?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. பல வருடங்களாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இதயக் கோளாறு என்று எதுவும் இருந்ததில்லை. நான்கு நாட்களுக்கு முன் காலையில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணியது. ஸ்ட்ரோக் பிரிவில் சேர்த்தோம். ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள். சேர்த்தபோது எடுத்த இசிஜி நார்மல். மறுநாள் இரவு மானிட்டர் விடாமல் அலறியது; துடிப்பு 140 வரை போய், ஒழுங்கே இல்லாமல் அரை மணி நேரம் ஓடி அடங்கியது. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்றார்கள். அடுத்த நாள் இரவு தூக்கத்தில் 44-க்கு இறங்கியது. 'மூளை பாதிப்பால் இதயம் தடுமாறுகிறது, தானே சரியாகிவிடும்' என்கிறார் ஒரு டாக்டர். 'இதயத்தால்தான் பக்கவாதமே வந்திருக்கும், ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும்' என்கிறார் இன்னொருவர். ஆனால் அந்த மாத்திரையையும் இன்னும் தொடங்கவில்லை. ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கிறார்கள். யாரை நம்புவது? எனக்கு 41 வயது. நானும் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்:

வணக்கம். அம்மாவின் ஸ்கேனையும் இசிஜி தாள்களையும் நான் பார்க்கவில்லை. அதனால் இங்கே எழுதுவதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே இருக்கும் டாக்டர்களிடம் சரியான கேள்விகளைக் கேட்க உதவினால் போதும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு டாக்டர்கள் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். ஒரே நோயாளியிடம் இரண்டும் சேர்ந்தேகூட நடக்கலாம். எது காரணம், எது விளைவு என்ற வழக்கை இந்த முதல் சில நாட்களுக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது, 'பக்கவாதத்தின் அதிர்ச்சியில் வந்தது, போய்விட்டது' என்று யாராவது அந்த அரை மணி நேரத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டால், நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதயத்திலிருந்து மூளைக்குப் போகும் வழியை முதலில் பார்ப்போம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட மின் அலைகளால் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற ஒரு பகுதி இருக்கிறது. மேலறை சுருங்காதபோது அதற்குள் ரத்தம், ஓட்டம் நின்ற வாய்க்காலில் பாசி பிடிப்பதைப் போல, தேங்கி உறைகிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு இப்படி உருவாகும் உறைகட்டிகளில் பத்தில் ஒன்பது அந்தப் பையில்தான் இருக்கும். அது கழன்று வெளியே வந்தால் நேராக மூளைக்குப் போக வழி இருக்கிறது. கட்டி பெரிதாக இருப்பதால் பெரிய குழாயை அடைக்கும். பாதிப்பும் பெரிதாக இருக்கும். இந்தக் கோளாறு உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 1991-இல் வெளியான ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது. அடைப்பினால் வரும் பக்கவாதங்களில் நான்கு அல்லது ஐந்தில் ஒன்று இதயத்திலிருந்து கிளம்பியதுதான்.

'சேர்த்தபோது இசிஜி நார்மல்தானே?' என்று கேட்பீர்கள். சாதாரண இசிஜி பதிவு செய்வது சுமார் 10 விநாடி. அந்த 10 விநாடி நார்மல் என்பதற்கு மேல் அந்தத் தாளுக்கு எதுவும் தெரியாது. இந்தக் கோளாறு பலருக்கு வந்து வந்து போகும். படபடப்பு, மூச்சு வாங்கல் எதுவுமே தெரியாமல் மாதக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. 'இதயக் கோளாறு எதுவும் இருந்ததில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம்.

இனி எதிர்த்திசை. இதயத்தின் வேகத்தையும் ரத்த அழுத்தத்தையும் நம்மை அறியாமல் நடத்துகிற நரம்புகளுக்கு மூளையில் சில கட்டுப்பாட்டு இடங்கள் உண்டு. அதில் முக்கியமானது இன்சுலா என்ற உள்மடிப்பு. பக்கவாதத்தில் அதிகம் அடைபடும் நடுப் பெருமூளைத் தமனிதான் அதற்கும் ரத்தம் கொடுக்கிறது. அம்மாவுக்கு இடது பக்கம் விழுந்திருக்கிறது என்றால் பாதிப்பு மூளையின் வலது பாதியில். வலது இன்சுலா அடிபட்டால் துடிப்புக் கோளாறு கூடுதல் என்று ஒரு கருத்து பல காலமாக உண்டு. எல்லா ஆய்வுகளும் அதை ஆமோதிக்கவில்லை. இன்சுலா சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். எப்படியோ, மூளை அடிபட்டவுடன் அட்ரினலின் வகை ரசாயனங்கள் ரத்தத்தில் பெருகி இதயத் தசையையே தாக்குகின்றன. இசிஜி மாறுகிறது, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறுகிறது. இதயத்தின் நுனி பலூன் மாதிரி உப்பி, சில வாரங்களில் தானே சரியாகும் டாகோட்சுபோ என்ற நிலையும் சிலருக்கு, அதிகமும் வயதான பெண்களுக்கு, வருவதுண்டு. மாரடைப்பு என்று பயந்து ஆஞ்சியோ செய்து பார்த்தால் அடைப்பு எதுவும் இருக்காது.

இதெல்லாம் உச்சத்தில் இருப்பது முதல் மூன்று நாட்கள். ஜெர்மனியில் ஒரு ஸ்ட்ரோக் பிரிவில் 501 பேரை 72 மணி நேரம் தொடர்ந்து கண்காணித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். நால்வரில் ஒருவருக்குக் கவனிக்க வேண்டிய அளவுக்குத் துடிப்புக் கோளாறு வந்தது. முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். குறைந்தது முதல் ஒரு நாளாவது மானிட்டரில் வைக்கச் சொல்லி மருத்துவ வழிகாட்டுதல்கள் வலியுறுத்துவது இதனால்தான். அம்மாவுக்கு இப்போது நான்கு நாள் ஆகிவிட்டது என்பது உங்களுக்கு ஓரளவு நல்ல செய்தி.

140-க்கு ஏறிய இரவைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அம்மா வழக்கமாகச் சாப்பிட்ட ரத்த அழுத்த மாத்திரை எது? அது மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற, துடிப்பையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகையாக இருந்து, பக்கவாதத்தில் விழுங்க முடியாததால் திடீரென்று நின்றுபோயிருந்தால், அதுவே துடிப்பைத் தூக்கிவிடும். இது அடிக்கடி நடக்கிற, யார் கண்ணிலும் படாமல் நழுவுகிற விஷயம். வீட்டில் உள்ள மாத்திரை அட்டையை எடுத்துப்போய்க் காட்டுங்கள். மூக்குக் குழாய் வழியாக அதைக் கொடுக்கலாமா, கூடாதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

அப்புறம், துடிப்பைக் கிளறிவிடும் சாதாரணக் காரணங்கள். பொட்டாசியம், மெக்னீசியம் குறைவு. காய்ச்சல். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் வரும் நிமோனியா. உடம்பில் நீர் வற்றுதல். சிறுநீர் அடைத்து நிற்பது. பேச்சு வராத நோயாளிக்குச் சிறுநீர்ப்பை நிறைந்து வலித்தாலும் சொல்ல முடியாது. மானிட்டரில் துடிப்பு ஏறும், அவ்வளவுதான். இவற்றைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்கு எந்த இதய மருந்தும் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

மருந்துப் பட்டியலையும் ஒருவர் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். இசிஜியில் க்யூடி இடைவெளி என்பது இதயத்தின் கீழறைகள் ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்கு மின்னளவில் தயாராக எடுக்கும் நேரம்; பக்கவாதத்தில் அது ஏற்கெனவே நீண்டிருக்கக்கூடும். நிமோனியாவுக்கு அசித்ரோமைசினோ லீவோஃப்ளாக்சசினோ, வாந்திக்கு ஒண்டான்செட்ரான், இரவில் குழம்பிப் புலம்புவதற்கு ஹாலோபெரிடால் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அந்த இடைவெளி இன்னும் நீளும். அதனால் கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு அரிதாக வரலாம். இவற்றில் எதுவும் கெட்ட மருந்து இல்லை. 'க்யூடி பார்த்தீர்களா?' என்ற ஒரு கேள்வியை நீங்கள் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

140-க்குப் போனபோது ஏன் உடனே மருந்து போட்டு அமுக்கவில்லை என்று உங்களுக்கு மனக்குறை இருந்திருக்கலாம். பக்கவாதத்தின் முதல் நாட்களில் ரத்த அழுத்தத்தைச் சற்று உயரவே விடுகிறோம். அடைப்பைச் சுற்றி உயிருக்குப் போராடும் மூளைப் பகுதிக்கு அந்த அழுத்தத்தால்தான் ரத்தம் போகிறது. உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு 220/120 வரைகூட பொறுத்திருப்பது வழக்கம். ஊசி போட்டவர்களுக்கு 180/105-ஐத் தாண்டவிட மாட்டோம். துடிப்பைக் குறைக்கும் மருந்துகள் பல அழுத்தத்தையும் இறக்கிவிடும். அதனால் ஓய்வில் 110-க்குள் இருந்தால் போதும் என்று நிதானமாகப் போவார்கள். மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்குவது, அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து என்ற நிலைக்கு மட்டும். மேலறையில் இன்னொரு உறைகட்டி காத்திருந்தால், துடிப்பு சீரானதும் அதுவும் கிளம்பிவிடும்.

44-க்கு இறங்கியதைப் பற்றி. தூக்கத்தில் 44, அழுத்தம் நன்றாக இருக்கிறது, எழுப்பினால் எழுந்துகொள்கிறார் என்றால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். குறட்டையும் நடுநடுவே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது பக்கவாத நோயாளிகளிடம் மிகவும் சகஜம், இரவில் துடிப்பு இறங்குவதற்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் ஒரு சேர்க்கையை மட்டும் விட்டுவிடக் கூடாது. துடிப்பு இறங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, கூடவே அம்மா நேற்றைவிட அதிகமாகத் தூங்கி வழிகிறார், கூப்பிட்டால் சரியாகக் கண் திறப்பதில்லை: இது மூளை வீங்கி மண்டைக்குள் அழுத்தம் கூடுவதன் அடையாளமாக இருக்கலாம். பெரிய அடைப்புகளில் இந்த வீக்கம் இரண்டாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள் வரை வரக்கூடியது. அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள், காலை ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். மானிட்டர் எண்ணைவிட அம்மாவின் விழிப்பு உங்களுக்கு அதிகம் சொல்லும். அலாரங்களில் பாதி, ஒட்டு கழன்றதாலும் நோயாளி அசைந்ததாலும் அடிப்பவைதான்.

இப்போது நீங்கள் முக்கியமாகக் கேட்ட மாத்திரை விஷயம். ஏன் இன்னும் தொடங்கவில்லை? அடிபட்ட மூளைத் திசு சில நாட்களுக்கு நொய்ந்துபோய் இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை அவசரப்பட்டுக் கொடுத்தால் அந்தத் திசுவுக்குள் ரத்தம் கசியலாம். தாமதித்தால் இரண்டாவது பக்கவாதம் வரலாம். இந்த இழுபறிக்கு நாங்கள் நெடுநாள் வைத்திருந்த கணக்கு 1-3-6-12: சீக்கிரமே தானாகச் சரியாகிவிடும் தற்காலிகத் தாக்கு என்றால் முதல் நாள், சிறிய பக்கவாதம் என்றால் மூன்றாம் நாள், நடுத்தரம் ஆறாம் நாள், பெரியது பன்னிரண்டாம் நாள். அது பெரும்பாலும் அனுபவத்தில் போட்ட கணக்கு. பிறகு 2023-இல் வந்த எலான் ஆய்வு சுமார் 2000 பேரிடமும், 2024-இல் பிரிட்டனில் நடந்த ஆப்டிமாஸ் ஆய்வு 3600-க்கும் மேற்பட்டவர்களிடமும், சீக்கிரம் தொடங்குவதையும் தாமதித்துத் தொடங்குவதையும் ஒப்பிட்டுப் பார்த்தன. சீக்கிரம் என்பது எலானில் சிறிய, நடுத்தரப் பக்கவாதத்துக்கு 48 மணி நேரத்துக்குள், பெரியதற்கு ஆறு ஏழு நாட்களில். ஆப்டிமாஸில் நான்கு நாட்களுக்குள். பயந்த அளவுக்கு ரத்தக்கசிவு கூடவில்லை. ஆகவே இன்று முன்பைவிடச் சீக்கிரம் தொடங்கும் போக்குதான் இருக்கிறது.

அம்மாவின் விஷயத்தில், ஸ்கேனில் பாதிப்பின் அளவு என்ன, ஏற்கெனவே கசிவு தெரிகிறதா என்பதைப் பொறுத்தே நாள் முடிவாகும். கை கால் இரண்டும் விழுந்திருப்பதால் பாதிப்பு பெரிதாக இருக்கலாம். அப்படியானால் நான்காம் நாளில் தொடங்காதது தப்பில்லை. பொறுக்கக் கூடாதது ஒன்றுதான்: தேதி குறிக்காமல் 'பார்க்கலாம்' என்று விடுவது. 'எந்தத் தேதியில் தொடங்கப்போகிறீர்கள், அதற்கு முன் இன்னொரு ஸ்கேன் எடுப்பீர்களா?' என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் தொடங்கச் சொன்னால், அந்தத் தேதியை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையதாகிவிடும். பலருக்கு மாத்திரை விட்டுப்போவது இந்த இடைவெளியில்தான்.

ஆஸ்பிரின் மட்டும் போதுமா? அந்த நாள் வரும் வரை சரி. நிரந்தரமாக என்றால் போதாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், உறைவு தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும். ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்குதான். 2011-இல், உறைவு தடுக்கும் புது வகை மாத்திரையான அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். அபிக்சபானில் பக்கவாதம் பாதிக்கும் கீழே போனது. பெரிய ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 'வயதானவர், ரத்தம் கசியும், ஆஸ்பிரினே பத்திரம்' என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். புது மாத்திரை தொடங்கியதும் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வார்கள்; இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் கசிவு கூடும். ஸ்டென்ட் வைத்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் கொஞ்ச காலம் இரண்டும் தேவைப்படலாம்.

எந்த மாத்திரை என்பதை எக்கோ பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். இதயத்தின் இடது பக்கத்து மைட்ரல் வால்வு மிகவும் குறுகிப்போயிருந்தாலோ, உலோக வால்வு வைத்திருந்தாலோ வார்ஃபரின்தான், கூடவே ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும். ருமாட்டிக் காய்ச்சலால் வந்த வால்வுக் கோளாறு உள்ளவர்களிடம் ரிவராக்சபானைவிட அந்தப் பழைய வகை மருந்தே நன்றாக வேலை செய்தது என்று 2022-இல் தெரிய வந்தது. மற்றவர்களுக்கு அபிக்சபான், டபிகாட்ரான், ரிவராக்சபான் போன்றவை வசதி. வயது, எடை, சிறுநீரகம் பார்த்து அளவைச் சொல்வார்கள். பயத்தில் நீங்களாக அளவைப் பாதியாக்க வேண்டாம். காப்பு போகும், கசிவு ஆபத்து மட்டும் மிஞ்சும்.

இனி, 'தானே சரியாகிவிடும்' என்றவரின் பேச்சு. துடிப்பு தானே சரியாகலாம், ஏற்கெனவே ஆகியும் விட்டது. பக்கவாதத்துக்குப் பின் முதன்முறை கண்டுபிடிக்கப்படும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், முன்பே தெரிந்த பழைய கோளாற்றைவிடச் சற்று மென்மையானது என்று சில ஆய்வுகள் சொல்வதும் உண்மை. ஆனாலும் கோளாறே இல்லாதவர்களைவிட ஆபத்து கூடுதல்தான். மூளை அதிர்ச்சியால் ஒரு மேலறை நடுங்கத் தொடங்குகிறது என்றால், அந்த மேலறை ஏற்கெனவே கொஞ்சம் விரிந்தோ தழும்பேறியோ இருந்திருக்கலாம். பல வருட ரத்த அழுத்தம் அதைச் செய்யும். 30 விநாடி நீடித்தாலே கோளாறு என்று எழுதுவது மரபு, அம்மாவுக்கு ஓடியது அரை மணி நேரம். ஒருமுறை பக்கவாதம் வந்தவர் என்பதால் அடுத்ததைத் தடுக்கும் மருந்து தேவையா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கக்கூட வேண்டாம். பிறகு எடுக்கும் இசிஜி எல்லாம் நார்மலாக வந்தாலும் மாத்திரை தொடர வேண்டும். நான் இரண்டாவது டாக்டர் பக்கம்.

இதற்காக உடனே செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. அந்த இரவின் மானிட்டர் பதிவை அச்செடுத்து கோப்பில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மானிட்டர்களின் நினைவு சில நாட்களில் அழிந்துவிடும். ஆறு மாதம் கழித்து வேறொரு இதய மருத்துவர் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டு மாத்திரையை நிறுத்தும் நிலை வரக் கூடாது. அம்மாவுக்குத் தானாகவே கண்ணில் பட்டது அதிர்ஷ்டம்தான். காரணம் தெரியாத பக்கவாதம் வந்த 441 பேரில் பாதிப் பேருக்கு நெஞ்சுத் தோலுக்கடியில் சிறு கருவி வைத்துக் கண்காணித்த ஓர் ஆய்வில், மூன்று வருடத்தில் அந்தப் பாதியில் 30 சதவீதத்தினருக்கு இந்தக் கோளாறு தெரிந்தது. வழக்கமான முறையில் பார்த்த மறுபாதியில் 3 சதவீதம்தான்.

கழுத்து ரத்தக் குழாய்களையும் பார்த்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதயத்தில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கழுத்தில் இன்னொன்று இருக்காது என்று சொல்ல முடியாது. அம்மா கொஞ்சம் தேறிய பிறகு இதய மருத்துவரிடம் துடிப்பைச் சீராக வைத்திருக்கும் சிகிச்சை பற்றியும் பேசுங்கள். கோளாறு கண்டுபிடித்த முதல் வருடத்திலேயே அதைத் தொடங்குவது பலன் தருகிறது என்று 2020-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் துடிப்பு சீரானாலும் உறைவு தடுக்கும் மாத்திரை நிற்காது.

வீட்டில், மணிக்கட்டு நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். துடிப்பு ஒழுங்கில்லாதபோது டிஜிட்டல் பிபி கருவி தவறாகக் காட்டும், அதனால் இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். மறுபடி முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உறைவு தடுக்கும் மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உறைவு கரைக்கும் ஊசி போடலாமா, குழாய் வழியாகக் கட்டியை எடுப்பதா என்ற முடிவு பெரும்பாலும் அந்த மணிக்கணக்கில்தான் இருக்கிறது.

உங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 68 வயதில் அம்மாவுக்கு வந்ததற்காக 41 வயதில் நீங்கள் நாள் முழுக்க இசிஜி பதியும் ஹோல்டர் கருவியை மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. படபடப்போ மயக்கமோ இருந்தால் இசிஜி எடுங்கள். எதுவும் இல்லையென்றால் ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது 140/90-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் போங்கள்.